நவமணி மருந்தை நிறுத்திய பத்து நாள்

பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு நான்கே வரி. திருமதி நவமணி சின்னையா, வயது நாற்பது, டத்தோ கிராமாட், பினாங்கு. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். கணவரையும் மகள் பத்மாவதியையும் விட்டுச் சென்றார். படத்தில் அவள் சிரிக்கவில்லை. படத்துக்காகச் சிரிப்பது அவளுக்குப் பழக்கமில்லை. பதினான்கு ஆண்டுகளாக அவள் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயந்துகொண்டிருந்தாள். நான்கு வரிக்குள் அதை எழுத இடம் இருந்திருக்காது.

அவள் இயல்பில் பயந்தவள் அல்ல. இருபத்தொரு வயதில் வீட்டாரை எதிர்த்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனவள். கூந்தலை மேலே தூக்கி நீலத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, எட்டு மணி நேரம் நுண்ணோக்கிக்குள் குனிந்திருப்பது அவள் வேலை. அரிசிக் குருணை அளவுள்ள மின்னணுச் சில்லு ஒன்றின் மேல், தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை இயந்திரம் ஒட்டி அனுப்பும். ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது வலப்பக்கத் தட்டில், கெட்டது இடப்பக்கத் தட்டில். பக்கத்து நுண்ணோக்கியில் இருந்த நோர்மா, நவமணிக்குக் கண் இரண்டல்ல, நான்கு என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரிப்பாள். ஒரு சில்லு கோணலாக வந்தால் அது தற்செயல், பத்தும் ஒரே பக்கம் கோணினால் இயந்திரத்தில் கோளாறு என்பது அவள் அங்கே கற்றுக்கொண்டது.

பத்மா பிறந்தது 1981 ஆகஸ்டில். சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கணவன் சின்னையா பெர்ரிப் படகில் கயிறு பிடிக்கும் வேலை பார்த்தான். ஒரு நாளில் பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே எத்தனை தடவை கடலைக் கடக்கிறான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. வீட்டில் அவனுடைய அக்கா குணவதி இருந்தாள். கணவனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பியின் வீட்டையே தன் வீடாக ஆக்கிக்கொண்டவள். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் பத்தியச் சமையல் பார்த்ததும் அவள்தான். பிரசவித்தவளை வாசற்படி தாண்ட விடாமல் காவல் காத்ததும் அவளே.

ஐந்தாம் நாள் காலை நவமணி பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வலது கால் சைக்கிள் மிதிப்பது போல அசைந்தது. உதடு எதையோ சப்பியது. கண் இரண்டும் ஒரு பக்கமாகப் போய் அங்கேயே நின்றன. பிறகு எல்லாம் ஓய்ந்து பிள்ளை பழையபடி கிடந்தது.

"நரி வெரட்டுது லா, எல்லாப் பிள்ளைக்கும் வரும்," என்றாள் குணவதி.

நவமணி பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் மறுபடி வந்தது. அதே கால், அதே சப்பல், கண் போனதும் அதே பக்கம். மூன்றாம் தடவையும் இம்மி பிசகாமல் அப்படியே வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். தற்செயல் இவ்வளவு ஒழுங்காக வராது. தொட்டுப் பார்த்தாள், உடம்பு கொதித்தது. மார்பில் வைத்தாள், பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை.

பச்சை உடம்புக்காரி ஐந்தாம் நாள் வெளியே போகக்கூடாது, காற்று உள்ளே போனால் சாகும்வரை விடாது என்று குணவதி வாசலை மறித்தாள். நவமணி அவள் கையை விலக்கிவிட்டு, தெருமுனையில் நின்ற டாக்சியில் ஏறினாள். காலில் செருப்பு இல்லாதது ஆஸ்பத்திரி வாசலில் சிமெண்டுத் தரை சுட்டபோதுதான் தெரிந்தது.

அங்கே பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கலங்கி இருந்ததாம். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி புகுந்து அழற்சி கண்டிருக்கிறது என்று சீன டாக்டர் மலாயில் சொன்னார். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட, அமைதியாகப் பேசுகிற மனிதர். அவர் சொன்னதில் பாதி அவள் காதில் ஏறவில்லை. அதை மறுபடியும் அவளுக்குச் சொன்னது ஞானாம்பிகை மிஸ்ஸி. யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், அந்த வார்டில் மூத்த தாதி, சிரிப்பும் கண்டிப்பும் சரிபாதி.

மூன்று வாரம் அங்கே இருந்தார்கள். முதல் வாரத்தில் பிள்ளைக்கு எத்தனை தடவை இழுத்தது என்று மிஸ்ஸிகள் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். இரண்டாம் வாரம் கோடுகள் குறைந்தன. மூன்றாம் வாரம் தாள் வெறுமையாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று நவமணிக்குச் சந்தோஷம் வரவில்லை. காய்ச்சல் இறங்கியும் ஏன் காலையும் இரவும் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் என்று மிஸ்ஸியிடம் கேட்டாள்.

ஞானாம்பிகை அவளைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"பிள்ளை, மறைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. உள்ளுக்க இருந்த புண் ஆறீட்டுது. ஆறின இடத்தில தழும்பு நிக்கும்தானே? கையில காலில எண்டால் அது ஒண்டும் செய்யாது. மூளையில நிக்கிற தழும்பு எப்ப என்ன செய்யும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சில பிள்ளையளுக்குப் பிறகு வலிப்பு வியாதியாய் வரும். சில பிள்ளையளுக்கு வராமலே போகும்."

"எம் பிள்ளைக்கு?"

"அதை இப்ப சொல்லக்கூடிய டொக்டர் உலகத்திலேயே இல்லை."

பிறகு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாள். பச்சைப் பிள்ளைகள் சும்மாவும் நடுங்கும். நடுங்குகிற கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டால் நின்றுவிடும். அதில் பயமில்லை. "உம்முடைய கைக்குள்ளயும் நிக்காமல் அடிச்சால், அண்டைக்கே கொண்டு வாரும்."

அன்று மாலை வார்டு வராந்தாவில் நின்று நவமணி தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கைகூப்பினாள். இந்த நோய் தீர்ந்ததும் தைப்பூசத்தில் பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். துணிமூட்டையோடு பக்கத்தில் நின்ற குணவதியும் அதைக் கேட்டாள்.

வீட்டில் பயம் வேறு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே பார்ப்பது அவள் மட்டும். ஸ்பிரிங் வைத்த துணித்தொட்டிலில் பிள்ளையைப் போட்டால், துணி ஆடுகிறதா பிள்ளை ஆடுகிறதா என்று தெரியாமல் தவித்தாள். மூன்றாம் நாள் ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டாள். பிள்ளை தும்மினால் பயம். கொட்டாவி விட்டால் அது கொட்டாவிதானா என்று பயம். கை சற்றே நடுங்கினால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் நடுக்கம் அவள் கைக்குள் நின்றுபோகும். நின்ற பிறகும் விடமாட்டாள். பிள்ளையைத் தூங்கவே விடமாட்டேன் என்கிறாளே என்று குணவதி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பில் எரிச்சலும் இருந்தது.

இரண்டு மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். காலை மருந்தைத் தன் கையால் கொடுத்துவிட்டுத்தான் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவாள். இரவு மருந்தும் அவள் கைதான். நடுவிலுள்ள பொழுது குணவதியுடையது. அந்தப் பொழுதில்தான் நவமணி நுண்ணோக்கிக்குள் குனிந்து மற்றவர்கள் காணாத கோளாறுகளைக் காணத் தொடங்கினாள். அவளுடைய இடப்பக்கத் தட்டு மேடு கட்டியது. நல்ல சில்லுகளையே இவ்வளவு தள்ளிவிட்டால் எப்படி என்று மேற்பார்வைக்காரி கேட்டபோது, நோர்மா குறுக்கே புகுந்து லென்ஸில் தூசி என்று சமாளித்தாள். சாப்பாட்டு நேரத்தில் நோர்மா அவள் முதுகில் கைவைத்து, ஒரே பொருளை ரொம்ப நேரம் பார்த்தால் இல்லாததெல்லாம் தெரியும், உனக்குத் தெரியாததா என்றாள். நவமணி தலையாட்டினாள். ஆனால் கோளாறு இருக்கிற சில்லைத் தவறவிடுவதைவிட நல்ல சில்லைத் தள்ளுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

தை பிறந்தது. ஐந்து மாதமாகப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட இழுக்கவில்லை. மருந்தின் மப்பில் நிறையத் தூங்கியது. விழித்திருக்கும்போதும் பார்வை எங்கோ இருக்கும். ஒரு வருஷமாவது மருந்து போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளினிக்குக்கு அடுத்துப் போக வேண்டிய தேதி தைப்பூசம் கழிந்து ஒரு வாரத்தில் இருந்தது.

குணவதி கரும்புக்குச் சொல்லி வைத்தாள், மஞ்சள் துணி வாங்கினாள். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், கடைசியாக மீன் சமைத்த அன்று, மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நோய் தீந்ததும்னுதானே வேண்டிக்கிட்ட?"

"ஆமா அண்ணி."

"அப்ப எப்படி லா? காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளைன்னு மருந்த ஊத்திக்கிட்டே, முருகன் முன்னாடி போயி தீந்துருச்சுன்னு நிப்பியா? அவருக்கு என்னா கண்ணு தெரியாதா?"

சின்னையா, அப்படியானால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்றான். வேண்டுதலை ஒத்திப்போட்ட வீட்டில் என்ன நடந்தது என்று குணவதி இரண்டு கதை சொன்னாள். இரண்டிலும் பிள்ளைகள் பிழைக்கவில்லை. சின்னையா எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்று நவமணி சாப்பிடவில்லை. மருந்து கொடுத்தபடியே போய் நின்றால் அது பொய். போகாமல் இருந்தால் அதுவும் பொய். நிறுத்தினால் மிஸ்ஸி சொன்ன தழும்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளையின் தலைக்கு மேல் ஏதோ தொங்கியது. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைப் பின்னாளில் அவள் மறைத்ததில்லை. மருந்து இல்லாமல் தன் பிள்ளை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

காப்புக் கட்டிய காலை மருந்துப் புட்டியை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். குணவதி அதைப் பார்த்தாள். விளக்கை ஏற்றினாள்.

முதல் நான்கு நாள் நவமணி கண்ணை மூடவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளை அவள் முகத்தை நேராகப் பார்த்தது. ஆறாம் நாள் சின்னையா விசில் அடித்ததற்குச் சத்தம் போட்டுச் சிரித்தது. அவன் வேலைக்குப் போக மறந்து மறுபடி மறுபடி விசில் அடித்தான். ஏழாம் நாள் நவமணியின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. இப்படி ஒரு பிள்ளை அந்த மருந்துக்குள் ஒளிந்துகொண்டிருந்ததா என்று வீடே அதிசயப்பட்டது. குணவதி வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், தீந்துருச்சு, தீந்துருச்சு என்றாள். நவமணி மட்டும் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயந்தாள். இவ்வளவு நல்லதைப் பார்த்துவிட்ட பிறகு திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்தாள்.

தைப்பூசம் பத்தாம் நாள். வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்பட்டார்கள். மூன்று கரும்பைச் சேர்த்துக் கட்டி மஞ்சள் துணியைத் தொங்கவிட்டு உள்ளே பிள்ளை. முன்னால் சின்னையாவின் தோள், பின்னால் நவமணியின் தோள். குணவதி பக்கத்தில் விசிறிக்கொண்டே வந்தாள். முந்தின நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காய்ச் சிரட்டைகள் சாலை ஓரத்தில் இன்னும் குவிந்து கிடந்தன. தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் பாட்டு முழங்கியது. முன்னாலும் பின்னாலும் காவடிகள். உருமி மேளம் அடிக்க அடிக்க அருள் வந்தவர்கள் உடம்பை முறுக்கி ஆடினார்கள்.

நவமணிக்குத் துணி மட்டும்தான் தெரிந்தது. பிள்ளையின் முகம் தெரியவில்லை. நடைக்கு ஏற்பத் தொட்டில் ஆடியது. தண்ணீர்மலைச் சாலையில் திரும்பியபோது தோளில் கிடந்த கரும்பு அதிர்ந்தது. நடையின் அசைவு அவளுக்குத் தெரியும். உருமியின் அதிர்வும் தெரியும். இது இரண்டிலும் சேரவில்லை. சின்னச் சின்னதாக, விட்டு விட்டு, ஒரே சீராக, கரும்பின் வழியே அவள் தோள் எலும்புக்குள் இறங்கியது.

அவள் நின்றாள். முன்னால் போன சின்னையா பின்னுக்கு இழுபட்டுத் தடுமாறினான். அவள் ஒரு கையைத் துணிக்குள் விட்டுத் துழாவிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பிடித்தாள், இறுக்கினாள். அது அவள் கைக்குள்ளேயே அடித்துக்கொண்டது.

அவள் கத்தியதாக அவளுக்கு நினைவில்லை. கரும்பைக் கீழே விடாமல் மண்டியிட்டதும் துணியைப் பிரித்ததும் நினைவிருந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்து, கண் இரண்டும் ஒரு பக்கமாகப் போயிருந்தன, ஐந்தாம் நாள் போன அதே பக்கம். சுற்றி நின்றவர்கள் பார்த்தது வேறு. மஞ்சள் துணியில் ஒரு பச்சைப் பிள்ளை துடிக்கிறது, தாய் தலைவிரி கோலமாக நடுரோட்டில் விழுந்து கிடக்கிறாள். அருள் இறங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, கூட்டம் வேல் வேல் என்று முழங்கிக்கொண்டு நெருங்கியது. உருமிக்காரர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வந்து நின்று அடிக்கத் தொடங்கினார். ஒரு பெரியவர் குனிந்து பிள்ளையின் நெற்றியிலும் வாயிலும் திருநீறு இட்டார். நவமணி விரலை விட்டு அந்தத் திருநீற்றை வழித்து எறிந்தாள். அதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வழிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் கெஞ்சியதையும் சாமி பேசுகிறது என்றே கேட்டார்கள். கடைசியில் சின்னையாதான், பெர்ரியில் கயிறு வீசும்போது போடும் குரலில் ஒரு சத்தம் போட்டு, தோளால் இடித்து வழி உண்டாக்கினான். முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் துடிப்பு நின்றது.

அதே டாக்டர். அவள் எதிரில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். ஞானாம்பிகை பக்கத்தில் நின்றாள். குணவதி விசிறியை இன்னும் கையில் வைத்திருந்தாள். மருந்து வேளை தவறாமல் கொடுத்தீர்களா என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

"ஒரு வேளகூட தவறல டோக்டர்," என்றாள் குணவதி, தமிழிலும் மலாயிலும். குரல் பிசகவில்லை.

டாக்டர் தலையசைத்து எழுதத் தொடங்கினார். நவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் காப்பாற்றத்தான் குணவதி சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். நிறுத்தினேன் என்று சொன்னால் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று எழுதுவார்கள், பிள்ளையை இனி கையில் கொடுக்கவே மாட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.  பேனா தாளில் உராய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஞானாம்பிகை மெதுவாக விளக்கினாள். பழைய மருந்து இருக்கும்போதே வலிப்பு வந்திருப்பதால் அது போதவில்லை என்று அர்த்தம். அதோடு இன்னொரு மருந்தும் சேர்க்கப் போகிறார்கள். அது கொஞ்சம் கடுமையானது. சின்னப் பிள்ளைகளின் ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

"வேணாம் மிஸ்ஸி," என்றாள் நவமணி.

"வேண்டாமெண்டால்?"

"மருந்து போதாம இல்ல. நான் குடுக்கல. பத்து நாளா குடுக்கல."

அதையே மலாயில் டாக்டருக்கும் சொன்னாள். வேண்டுதலைச் சொன்னாள், காப்பைக் காட்டினாள். மருந்துப் புட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கடைசி வேளை கொடுத்தது என்றைக்கு, காலையா இரவா என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். முன்பு எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

பழைய மருந்தையே மறுபடி தொடங்கினார்கள். இது அந்த வலிப்பு வியாதிதானா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம், தழும்பினாலும் வரலாம், இன்றைய வலிப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. பத்து நாள் நிறுத்தாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டாள். அதுவும் தெரியாது என்றார்.

தாழ்வாரத்தில் குணவதி அவளை நிறுத்தினாள்.

"டோக்டர் முன்னாடி என்னைப் பொய்க்காரியாக்கிட்டியே மணி."

"எனக்காகத்தான் சொன்னீங்க அண்ணி. ஆனா அந்த மருந்து போகப்போறது அவ வாயிலதானே."

குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறியால் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றாள். வீடு திரும்பிய பிறகு பதினைந்து நாள் பேசவில்லை. ஆனால் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த புட்டியை எடுத்துத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தது அவள்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் நவமணி கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

பத்மாவின் கண்ணில் மறுபடி மப்பு ஏறியது. விசில் அடித்தால் திரும்பிப் பார்க்க நேரமானது. அந்த ஆறாம் நாள் சிரிப்பை நினைத்து நவமணி சமையலறையில் அழுவாள். மூன்று வயதில், இரண்டு ஆண்டுக்கு மேல் வலிப்பே இல்லாததால், டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். குறைக்கிற ஒவ்வொரு வாரமும் நவமணி வேலைக்கு விடுப்புப் போட்டாள். நிறுத்திய பிறகும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம். பத்மா ஓடினாள், மாமரம் ஏறினாள், பேசத் தொடங்கியதும் வாயாடியாகிவிட்டாள். எல்லாரும் மறந்துபோனார்கள். நவமணி மட்டும் மறக்கவில்லை. தொழிற்சாலையில் தொலைபேசி ஒலித்தால் நுண்ணோக்கியிலிருந்து முகத்தைத் தூக்கிவிடுவாள்.

அந்த அழைப்பு 1988-இல் வந்தது. பத்மா ஒன்றாம் வகுப்பில், கரும்பலகையைப் பார்த்தபடி நாற்காலியோடு விழுந்தாள். நவமணி போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியை அறையில் ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளை அவளைப் பார்த்து, அம்மா வேலைக்குப் போகலையா என்று கேட்டது. அதற்குப் பிறகு வலிப்பு வியாதி என்ற பெயரை டாக்டர் கோப்பின் மேலேயே எழுதினார். வேறு மருந்து தொடங்கினார்கள். அது பெரும்பாலும் கட்டுப்படுத்தியது. வருஷத்தில் ஒன்றோ இரண்டோ தடவை தப்பி வரும். கடலில் குளிக்கக்கூடாது, தனியாகச் சாலை கடக்கக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது. பத்மாவுக்கு இதெல்லாம் தொல்லையாக இருந்தது. நவமணிக்கு இவை போதவில்லை.

புது டாக்டர் யார் வந்தாலும் நவமணி அந்தப் பத்து நாளைச் சொல்லாமல் விடமாட்டாள். அவர்கள் கேட்பது வேறாக இருக்கும். இவள் 1982-லிருந்து தொடங்குவாள்.

கடைசியாக 1994-இல், அவள் இறப்பதற்கு முந்தின வருஷம், பத்மாவின் மூளையைப் படம் எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடப்பக்கம் இருந்த வெளுத்த கீற்றைக் காட்டினார். பிறந்த முதல் வாரத்து அழற்சியில் விழுந்த தழும்பு இது, இங்கிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது, நீங்கள் மருந்தை நிறுத்தியதால் வந்ததல்ல என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நவமணி படத்தை நெருங்கிப் போய், சில்லைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அந்தப் பத்து நாளில் இந்தக் கீற்று கொஞ்சமாவது பெரிதாகியிருக்குமா என்று கேட்டாள். டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். அதைச் சொல்ல முடியாது என்றார். அவர் நேர்மையானவர்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். பத்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தாள்.

"அதான் உங்களால இல்லன்னு சொல்லிட்டாருல்ல. அப்புறம் என்னாம்மா? விழறது நானு. நானே பயப்படல லா."

"நீ விழறப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் நவமணி. "பாக்கறவ நான்."

பத்மா கண்ணை உருட்டிவிட்டு, தள்ளுவண்டிக்காரரிடம் போய் ஒரு பொட்டலம் பழம் வாங்கினாள். குச்சியால் குத்தி வாயில் போட்டுக்கொண்டே, பஸ் வருகிறதா என்று சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நவமணி ஓர் அடி முன்னால் போய், மகளுக்கும் சாலைக்கும் இடையில் நின்றுகொண்டாள்.